கண்ணாடிக்குக் கொடுத்த சாயங்காலம்

தூரிமலையில் முன்பு எல்லா ஊரையும் போலச் சாயங்காலம் இருந்தது, பிறகு இல்லாமல் போனது, பிறகு ஒரே ஒருத்திக்கு மட்டும் திரும்பி வந்தது, வந்தபோது அவளுக்கு அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பயிரைக் காக்க மலைக்காரர்களுக்குச் சர்க்கார் மான் சுடச் சீட்டு கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. தூரிமலையின் அவரைக் காடுகளுக்குக் கடமான்கள் வந்தன. அவை பகலில் வருவதில்லை, நடுராத்திரியிலும் வருவதில்லை. சூரியன் மேற்கு முகட்டுக்குப் பின்னால் இறங்கி, இருட்டு இன்னும் பள்ளத்திலிருந்து ஏறி வந்து சேராத அந்த இடைப்பொழுதில், பாறைக்கும் மானுக்கும் வித்தியாசம் தெரியாத சாம்பல் வெளிச்சத்தில், சோலையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே வந்து, பூவும் பிஞ்சுமாக நின்ற அவரைக் கொடியைப் பந்தலோடு இழுத்துத் தின்றுவிட்டு, இருட்டு வந்து சேர்ந்ததும் அதற்குள் இறங்கிப் போய்விடும்.

ஊரில் துப்பாக்கியும் சீட்டும் வெள்ளிங்கிரியிடம் இருந்தன. பகலில் அவன் குறி தப்பாது. சாயங்காலத்தில் மட்டும் குழல் முனையிலிருக்கும் குறிமணி அவன் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஒருமுறை மான் என்று நினைத்து மரக்கட்டையைச் சுட்டான். இன்னொரு முறை ஊர் மூப்பரின் எருமைக் கன்றைச் சுட்டான். அன்றிலிருந்து மூப்பர் அவனை எங்கே பார்த்தாலும், "ஏண்டா வெள்ளிங்கிரி, எங்க எருமைக் கொம்புக்கு எத்தனை கிளை இருந்துச்சு?" என்று கேட்பார். ஊர் சிரிக்கும். அவனும் சிரிப்பான், ஆனால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மாட்டான்.

அப்படிச் சாப்பிடாத நாட்களில் அவனுக்குச் சோறு எடுத்துப்போய் வைப்பவள் அக்கா தங்காயி. தாய் செத்தபோது தம்பிக்குப் பல்கூட முளைத்திருக்கவில்லை. தங்காயிதான் கேழ்வரகைக் கூழாக்கி, ஊதி ஊதி ஊட்டி வளர்த்தாள். அவளுடைய வீடுதான் ஊரின் மேற்குக் கோடி, அவளுடைய அவரைக் காட்டுக்கு அப்பால் சோலை தொடங்கிவிடும். மான்கள் முதலில் இறங்குவதும் அங்கேதான். புருஷன் போன பிறகு அந்தக் காடு விளைந்தால்தான் அவளுக்கு வருஷம்.

தங்காயிக்கு ஒரே மகள், செவந்தி. அவள் எதிர் மலையான ஈச்சங்கரட்டுப் பையனைத் தானாகவே கட்டிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு ஊரும் அடித்துக்கொண்டு, கடைசியில் பொதுவில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்துகொண்டன: இந்த ஊர்க் கால் அந்த ஊர் மண்ணில் படாது, அந்த ஊர்க் கால் இந்த ஊர் மண்ணில் படாது. கால்தானே படக்கூடாது என்று தாயும் மகளும் கண்ணால் போய்வந்தார்கள். பகலில் இருவருக்கும் வேலை, இடையில் வெயில் ஆவி பறக்கும். ராத்திரியில் ஒன்றும் தெரியாது. சாயங்காலத்தில் மட்டும் பள்ளத்துக்கு மேலிருக்கும் காற்று கழுவிவிட்டதுபோலத் தெளியும். அப்போது தங்காயி முறத்தோடு தன் வாசலில் வந்து நிற்பாள். எதிர் மலையில் செவந்தி முறத்தோடு அவள் வாசலில் வந்து நிற்பாள். இருவரும் எதிரெதிரே புடைப்பார்கள். முகம் தெரியாது, முறம் ஏறி இறங்குவது தெரியும். செவந்தி வயிற்றில் பிள்ளை உண்டான பிறகு, புடைத்து முடித்ததும் அவள் பக்கவாட்டில் திரும்பிக் கொஞ்ச நேரம் நிற்பாள், அம்மா பார்க்கட்டும் என்று.

எருமைக் கேலி தாங்காமல் வெள்ளிங்கிரி ஒருநாள், துப்பாக்கிக்கு மேல் பொருத்துகிற கண்ணாடி வாங்குவதென்று முடிவுசெய்தான். அடிவாரச் சந்தைக்குப் போன வருஷத்து அவரையைக் கொண்டுபோன தங்காயியும் அவனோடு போனாள்.

அடிவாரத்தில் துப்பாக்கிச் சாமான் விற்பவர் சையது மீரான் ராவுத்தர். அவர் வெள்ளிங்கிரி கேட்டதைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, கடைக்கு வெளியே ஒரு பெஞ்சைப் போட்டார்.

"உக்காருங்க. பொழுது சாயட்டும்."

"கண்ணாடி வாங்கத்தானே வந்தோம், பொழுது எதுக்குங்க?"

"எப்போ சுடப் போறீங்களோ அப்போ பார்த்து வாங்கணும் தம்பி. மத்தியானத்துல பார்த்தா எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். சித்திரை வெயில்ல நின்னுக்கிட்டுக் கம்பளி வாங்குவீங்களா?"

தங்காயி சிரித்துவிட்டாள். அவர்களுக்கு டீ வந்தது. வெயில் மஞ்சளாகி, செம்மையாகி, தெருவின் கோடியில் இருந்த புளியமரத்தடி மங்கியதும், ராவுத்தர் மூன்று கண்ணாடிகளைத் துணியில் வைத்துக் கொண்டுவந்தார். புளியமரத்தில் ஓர் ஆடு கட்டியிருந்தது.

முதலாவது நீளமானது, ஒல்லியானது. வெள்ளிங்கிரி ஆசையோடு எடுத்துக் கண்ணில் வைத்தான்.

"ஆடு பெருசாத் தெரியுதுங்க. ஆனா கரியில செஞ்ச ஆடு மாதிரி இருக்கு."

"பத்து மடங்கு கிட்டத்துல கொண்டாரும். ஆட்டை மட்டுமா கொண்டாரும்? இருட்டையும் சேர்த்துத்தான் கொண்டாரும். பொழுது சாயச் சாய நம்ம கண்ணுப்பாப்பா அகலமாத் திறந்துக்குது. அந்த அகலத்துக்கு வெளிச்சம் விழணும். மடங்கு ஏற ஏற, பின்னால விழுற வெளிச்சம் கடுகு மாதிரி சுருங்கிப் போயிரும். மானுக்கு அது வேணாம்."

இரண்டாவதில் ஆடு நன்றாகத் தெரிந்தது, ஆனால் குறுக்கும் நெடுக்குமாக ஓடவேண்டிய குறிக்கோடுகள் தெரியவில்லை. அவை சிலந்தி நூல் போல மெல்லியவை, மரத்தின் நிழலில் கரைந்துபோயின. "ஆட்டைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம். எங்கே சுடுறோம்னு அல்லாவுக்குத்தான் தெரியும்" என்று ராவுத்தர் அதை வாங்கி வைத்துவிட்டார்.

மூன்றாவது குட்டையானது, முன்வாய் ஊமத்தம்பூ போல அகன்றது. நான்கு மடங்குதான் காட்டும். குறிக்கோடுகள் ஓரத்தில் ஈர்க்குச்சி போலத் தடித்து, நடுவில் மட்டும் மெலிந்திருந்தன. வெள்ளிங்கிரி அதைக் கண்ணில் வைத்தான். வெகுநேரம் வைத்திருந்தான். பிறகு அக்காவிடம் கொடுத்தான். தங்காயி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். ஆட்டின் தாடி தெரிந்தது. தாடியில் ஒட்டியிருந்த புளிய இலை தெரிந்தது.

அப்போது தெருவில் பூ விற்றுக்கொண்டிருந்தவள், "ராவுத்தரே! மறுபடியும் அந்தச் சனியனை வெளியே எடுத்துட்டீங்களா? பூ கட்டுறதா வேணாமா நான்?" என்று கத்தினாள். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்துப் பார்த்தால் தெரு முழுக்க இருட்டியிருந்தது. தங்காயி கண்ணாடியைக் கீழே வைத்ததும் தெருவுக்குச் சாயங்காலம் திரும்பியது, பூக்காரி முனகிக்கொண்டே நாரை எடுத்தாள்.

"இது அப்படித்தான்" என்றார் ராவுத்தர், சர்க்கரை கம்மியாக இருக்கிறது என்று டீயைப் பற்றிச் சொல்வது போல. "எந்தக் கண்ணாடியும் வெளிச்சத்தை உண்டாக்காது. மத்ததெல்லாம் இருக்கிறதைக் காட்டும். இது சுத்தியிருக்கிறவங்ககிட்டேயிருந்து எடுத்துக்கும். தெருவுல ஆடு பார்க்க எடுத்தா உடனே திருப்பிக் குடுத்துரும். காட்டுல வேட்டைக்குன்னா, அவங்கவங்க வாயால குடுக்கணும். குடுத்துட்டா அது குடுத்தவங்களுக்கு இல்லை. திருப்பி வேணும்னாலும் அவங்கவங்க வாயால, எல்லார் முன்னாலயும் கேட்கணும். இன்னொண்ணு தாயி, குடுத்தவங்க கண்ணுக்கு இதுல எதுவும் தெரியாது. குடுக்காத ஒருத்தன்தான் பார்க்கணும், அவன் சொல்றதைத்தான் மத்தவங்க நம்பணும். அதனாலதான் இத்தனை காலமா இதை யாரும் வாங்கலை."

வெள்ளிங்கிரி தயங்கினான். தங்காயிதான் சொன்னாள்: "இதையே எடுடா."

ஊர் கூடியது. ஒருவரும் இதென்ன அதிசயம் என்று கேட்கவில்லை. எவ்வளவு நாளைக்கு என்றுதான் கேட்டார்கள். அவரை வீடு வந்து சேரும்வரை என்று வெள்ளிங்கிரி சொன்னான். சாயங்காலத்தில் என்ன வேலை இருக்கிறது, வெட்டிப்பேச்சுதானே, என்று மூப்பர் முதல் ஆளாகக் கொடுத்தார். மற்றவர்கள் வரிசையாக, "எங்க வாசல் சாயங்காலத்தைக் குடுத்தேன்" என்று சொன்னார்கள். தங்காயி மட்டும் வாய் திறக்கவில்லை.

"அக்கா" என்றான் வெள்ளிங்கிரி. "உன் வாசலுதான் மேக்கோடி. ஊர்லயே கடைசியா இருட்டறது அங்கதான். மான் வர்றதும் அங்கதான். உன்னுது இல்லீன்னா இந்தக் கண்ணாடி வெறுங்குழாய்."

"செவந்தி வந்து நிப்பாளேடா."

"நிக்கட்டும். நான் பாத்துச் சொல்றேன். நீ முறத்தைத்தான பாக்கறே? நான் மொகத்தையே பாத்துச் சொல்றேன். சிரிச்சாளா, மெலிஞ்சாளா, என்ன சீலை கட்டியிருக்கா, எல்லாம் சொல்றேன். உனக்கு நான் பொய் சொல்லுவனா?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கூழ் ஊட்டிய வாய் அது. "எங்க வாசல் சாயங்காலத்தைக் குடுத்தேன்" என்றாள்.

மறுநாளிலிருந்து தூரிமலையில் பகல், பானைக்கு மூடி போட்டதுபோல முடிந்தது. சூரியன் முகட்டைத் தொடும், மறையும், உடனே கும்மிருட்டு. முதல் சில நாட்கள் கோழிகள் பாதி வழியில் மாட்டிக்கொண்டு, நின்ற இடத்திலேயே ராத்திரியைக் கழித்தன. பிறகு அவை கற்றுக்கொண்டு, வெயில் இருக்கும்போதே கூண்டுக்குள் போய் உட்கார்ந்து, இன்னும் வராத தூக்கத்துக்காகக் கண்ணை உருட்டிக்கொண்டிருந்தன. மாடுகளைப் பட்டப்பகலில் வீட்டுக்கு ஓட்டிவர வேண்டியிருந்தது, அவை அவமானப்பட்டவைபோலத் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தன. அந்திமந்தாரை எப்போது பூப்பதென்று தெரியாமல் மொட்டாகவே உதிர்ந்தது. சாயங்காலத்தில் பேசித் தீர்க்க வேண்டிய சண்டைகள் தீராமல் காலைக்குப் போயின, காலையில் வேலை இருந்ததால் அவை தீராமலே பழகிப்போயின. விளக்கும் ஏற்றக்கூடாது, வெளிச்சம் கண்டால் மான் ஒதுங்கிவிடும் என்று வெள்ளிங்கிரி சொல்லியிருந்தான். அவன் வேட்டை முடிந்து சீழ்க்கை அடித்த பிறகுதான் ஊர் விளக்கு ஏற்றியது. அதுவரை எல்லோரும் அவரவர் வீட்டில் அவரவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள், "தூரிமலைக்காரன் மத்தியானச் சோறு தின்ன கையைக் கழுவறதுக்குள்ள ராத்திரிச் சோறு வந்துரும்" என்று சொல்லிச் சிரித்தார்கள். தூரிமலைக்காரர்களும் அதைச் சொல்லிச் சிரிக்கக் கற்றுக்கொண்டார்கள்.

ஏனென்றால் கறி வந்தது. அந்தக் குட்டைக் கண்ணாடிக்குள் ஊரின் சாயங்காலம் முழுவதும் இருந்தது. வெள்ளிங்கிரி காற்றுக்கு எதிராகக் குனிந்து போய், பாறைமேல் முழங்கையை ஊன்றி, அதில் கண்ணை வைத்தால், கடமானின் இமைமயிர் வரை தெரியும். சுட்டால் விழும். எருமைக் கேலியை மூப்பரே நிறுத்திவிட்டார்.

தூரிமலையில் மான் விழுந்தால் அது சுட்டவனுக்குச் சொந்தமில்லை. தேக்கிலைகளைப் பரப்பி, வீட்டுக்கு ஒரு கூறு வைப்பார்கள். வயிற்றில் பிள்ளையோடு இருப்பவளுக்கு அவள் கூறு தவிர, வயிற்றுக்கென்று ஒரு தனி இலை உண்டு. மகள் வேற்றூரில் இருந்தாலும், அவள் வயிற்றின் கூறு தாய்வீட்டுக்கு வரும், பிள்ளை பிறக்கும்வரை. இந்த இலையில் யாரும் விளையாட மாட்டார்கள். பிள்ளை இல்லாத வயிற்றுக்குக் கூறு வைத்த கை பிறகு குறி பார்க்காது என்பது தூரிமலைக்காரர்களின் நம்பிக்கை. அது அவர்களுக்கு நம்பிக்கைகூட இல்லை, நெருப்புச் சுடும் என்பதுபோல ஒரு செய்தி.

ஆகவே தங்காயி வீட்டுக்கு ஒவ்வொரு முறையும் இரண்டு இலைகள் வந்தன. இலையோடு வெள்ளிங்கிரியின் பேச்சும் வந்தது.

"இன்னிக்குப் பச்சைச் சீலை. கன்னம் பூசினாப்ல இருக்குது."

"மூச்சு வாங்கறாளாடா?"

"இல்லீக்கா. புடைச்சுட்டு இடுப்புல கைய வெச்சு நின்னா. இந்தப் பக்கமே பாத்தா."

"இருட்டுல என்னத்தைப் பாப்பா, பாவம்" என்பாள் தங்காயி. அவன் சொன்னதை எல்லாம் அடுத்த நாள் முழுக்க, களை எடுக்கும்போதும் தண்ணீர் எடுக்கும்போதும், திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்வாள். தான் பார்த்திருந்தால் இவ்வளவு தெரிந்திருக்காது என்று நினைத்துக்கொள்வாள். தம்பிக்கு ஈரலை வதக்கி வைப்பாள்.

சில நாட்கள் கழித்து வெள்ளிங்கிரி, கை வலிக்கிறது என்று சொல்லி, கூறு வைக்கிற வேலையை மூப்பர் மகன் ராசுக்குட்டியிடம் விட்டுவிட்டான். பேச்சை மட்டும் அவனே கொண்டுவந்தான். வயிறு பெரிதாகிறது என்றான். கால் கொஞ்சம் வீங்கியிருக்கிறது, அது நல்லதுதானாம் என்றான். ஒருநாள் செவந்தி மஞ்சள் சீலை கட்டிக்கொண்டு இந்தப் பக்கம் பார்த்துக் கையை ஆட்டினாள் என்றான். தங்காயி அன்று அழுதாள்.

அவரை வீடு வந்து சேர்ந்தது. இத்தனை வருஷத்தில் இல்லாத விளைச்சல். அறுப்பு முடிந்து ஊர் கொண்டாடும் நோம்பிக்கு முந்தின நாள் வெள்ளிங்கிரி ஒரு பெரிய கிடாமானைச் சாய்த்தான், நான்கு பேர் சேர்ந்து தூக்கிவந்தார்கள். அறுப்பு நோம்பியில் சுட்டவன்தான் தன் கையால் கூறு வைக்க வேண்டும். கை வலிக்கிறது என்று அன்றைக்கு எவனும் சொல்ல முடியாது. கோயில் முன்னால், வெயில் இருக்கும்போதே, இலைகள் பரப்பினார்கள். வெள்ளிங்கிரி குனிந்து, வேகமாக, பெயரைச் சொல்லிச் சொல்லி வைத்துக்கொண்டே போனான். மூப்பர் வீடு. பழனாண்டி வீடு. ராசுக்குட்டி பெண்டாட்டி, அவள் வயிறு. ரங்கம்மாள் வீடு. தங்காயி வீடு. கடைசி வீடு அதுதான். நிமிர்ந்து கத்தியைத் துடைத்தான்.

"ஒரு இலை வெறும் இலையா இருக்குதேப்பா" என்றார் மூப்பர்.

"எல்லாம் சரியா வெச்சாச்சுங்க."

"செவந்தி வயித்துக்கு?" என்று கேட்டாள் தங்காயி. மறந்துவிட்டான் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "இத்தனை தடவை வந்துச்சே, பிள்ளை இன்னிக்குத்தான் பசியா இருக்கப் போவுதா? வெய்யி சாமி."

வெள்ளிங்கிரி ஒரு துண்டை எடுத்தான். இலைக்கு மேல் கொண்டுபோனான். கை அங்கேயே நின்றது. ஊர் பார்த்தது. வாய்க்கு எத்தனையோ பொய் வந்த அவனுக்கு, அந்தத் துண்டை இலையில் போடக் கை வரவில்லை. போட்டால் நாளை முதல் குறி இருக்காது. அவன் அதைத் திரும்பக் குவியலிலேயே வைத்தான்.

தங்காயியின் சிரிப்பு முகத்திலேயே இருந்தது, அதை எடுக்க அவளுக்குத் தெரியவில்லை.

"எப்போ?" என்றாள்.

"அக்கா, அது வந்து..."

"எப்போடா?"

"அவரை பூவுல இருந்தப்ப. பாறையிலிருந்து விழுந்துட்டா. ரத்தம் நிக்கலீன்னு தூக்கிட்டு ஓடுனாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லீக்கா. வயிறுதான்... அப்பறம் அவனும் அவளும் ஊரை விட்டே எறங்கிட்டாங்க. அடிவாரத்துல செங்கச் சூளையில இருக்கறாங்களாம்."

"மஞ்சச் சீலை கட்டியிருந்தாளுன்னு சொன்னயேடா. கைய ஆட்டுனாளுன்னு சொன்னயே."

அவன் துடைத்த கத்தியையே மறுபடியும் துடைத்தான்.

"அடிவாரந்தான? அந்த மண்ணை மிதிக்கக்கூடாதுன்னு சத்தியம் இல்லியே. ஓடிப்போயி மடியில போட்டுட்டு உக்காந்திருப்பனேடா. ஏண்டா சொல்லலை?"

"சொன்னா உன்னுதைத் திருப்பிக் கேப்பே" என்றான் வெள்ளிங்கிரி. இப்போது அவன் குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது. "உன்னுது போனா எல்லாமே போச்சு. ஊருக்கே கறி போச்சு. நான் மறுபடியும் எருமைக்காரன். போனது போயிருச்சு, சொல்லி என்ன ஆகப்போவுது, அவரையாச்சும் வீடு வரட்டும்னு இருந்தேன்."

"அவரை வந்துருச்சல்ல? குடு என்னுதை."

வெள்ளிங்கிரி மூப்பரைப் பார்த்தான். மூப்பர் தொண்டையைச் செருமினார். அவன் செய்தது தப்புதான் என்றார். அதற்கு என்ன தண்டம் போடுவதென்று ஊர் பேசும் என்றார். "ஆனா தாயி, அவசரத்துல கேட்டுப்போடாத. நோம்பி நாளு. தை வரைக்கும் விடு. மான் இன்னும் வந்துட்டுத்தான இருக்குது."

தங்காயி ஊரைப் பார்த்தாள். செவந்திக்கு மஞ்சள் அரைத்துக் கொடுத்தவர்கள், அவள் ஓடிப்போனபோது தங்காயியோடு உட்கார்ந்து அழுதவர்கள், எல்லோரும் தங்கள் தங்கள் இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்களாச்சும் கேளுங்களேன் உங்களுதை" என்றாள் அவள். "அவரை வர்ற வரைக்கும்னுதான பேச்சு? ரங்கம்மா, நீ கேளு."

"இருட்டு பழகிருச்சு தங்காயி" என்றாள் ரங்கம்மாள், இலையின் ஓரத்தை மடித்துக்கொண்டே. "கறியில்லாமத் திங்கறதுதான் இனிமேலு பழகாது."

அப்போது சூரியன் முகட்டுக்குப் பின்னால் போனது, மூடி விழுந்தது. இருட்டுக்குள்ளிருந்து தங்காயியின் குரல் கேட்டது. சத்தமாக இல்லை, ஆனால் எல்லோர் முன்னாலும்தான் சொன்னாள்:

"என் வாசல் சாயங்காலத்தை எனக்குக் குடு."

கோயில் திண்டில் சாத்தியிருந்த துப்பாக்கியின் மேலிருந்து அது வெளியே வந்தது. அன்றைய சாயங்காலம் மட்டுமல்ல, கொடுத்த நாளிலிருந்து சேர்ந்த அத்தனையும் வந்தன, ஒன்றின் மேல் ஒன்றாக, கத்தரிப்பூ நிறத்திலும் காய்ந்த மஞ்சள் நிறத்திலும், புழுதி மணத்தோடும் சாம்பிராணிப் புகை மணத்தோடும், அவரை பூத்திருந்த நாளின் சாயங்காலமும் அது பிஞ்சு விட்டிருந்த நாளின் சாயங்காலமும், தங்காயியைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வந்து நின்றன. சுற்றிலும் கும்மிருட்டு, அவள் நின்ற இடத்தில் மட்டும் கையின் ரேகை தெரிந்தது. யாரும் ஆச்சரியப்படவில்லை. இலைகளில் எது தங்கள் கூறு என்று தெரிந்துகொள்ள அந்த வெளிச்சம் உதவியதால் பலர் கிட்டே நகர்ந்து வந்தார்கள்.

அவள் நடக்கத் தொடங்கியதும் சாயங்காலம் அவளோடு நடந்தது. மலை இறங்கும் பாதை பக்கம் அவள் திரும்பியபோது வெள்ளிங்கிரி பின்னால் ஓடிவந்தான். கையில் துப்பாக்கி இருந்தது. கண்ணாடியில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ஓடிவந்திருக்கிறான்.

"அக்கா, இதுல ஒண்ணுமே தெரியலீக்கா. இது இனி எதுக்கு ஆகும்?"

அவன் குரல் உடைந்திருந்தது. எதற்காக உடைந்தது என்று அவள் நின்று யோசித்துப் பார்த்தாள். பிறகு இறங்கிப் போனாள்.

அன்று அடிவாரத்துச் செங்கல் சூளையில் சாயங்காலம் இரண்டு தடவை வந்தது. முதல் சாயங்காலம் எல்லோருக்கும் வருவதுபோல வந்து போயிற்று. மண் குழைத்தவர்கள் கால் கழுவி, அடுப்பு மூட்டி, தின்று, படுக்கப் பாய் தட்டிக்கொண்டிருந்தபோது, மலைப்பாதையிலிருந்து இன்னொன்று வந்தது. குழந்தைகள் மறுபடியும் விளையாட ஓடின. ஒருத்தி, பகலெல்லாம் சீவ நேரமில்லாத தலையை அவிழ்த்துப்போட்டுச் சிக்கெடுக்க உட்கார்ந்தாள். மேஸ்திரி வெளியே வந்து பார்த்து, இன்னும் கொஞ்சம் கல் அறுக்கலாமா என்று யோசித்துவிட்டு, யாரும் அவர் பக்கம் திரும்பாததால் உள்ளே போய்விட்டார்.

கடைசிக் குடிசையின் முன்னால் செவந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்திருக்கவில்லை.

தங்காயி அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தாள். தொட வேண்டும்போல இருந்தது. தொடவில்லை.

"நீ நல்லா இருக்கறேன்னு உம் மாமன் சொன்னான் கண்ணு. தெனமும் சொன்னான். மஞ்சச் சீலை கட்டியிருக்கறேன்னு..."

"எங்கிட்ட மஞ்சச் சீலையே இல்லை" என்றாள் செவந்தி.

"என்னைய ஏமாத்திப்போட்டான் கண்ணு. அவன் மட்டுமில்ல, ஊரே சேந்து..."

"தெனமும் வந்து நின்னேன் நானு. உம் பக்கம் கருகும்னு கெடந்துச்சு. ஒரு வெளக்கில்லை. நீ செத்துப்போயிட்டேன்னு நெனச்சேன். அப்பறம் சந்தைக்குப் போயிட்டு வந்தவங்க சொன்னாங்க, உங்கம்மாளுக்கு என்ன, தம்பி கறியாக் கொண்டாந்து போடறான், கண்ணாடிக்குச் சாயங்காலத்தைக் குடுத்துட்டா, அப்படீன்னு."

"எல்லாரும் குடுத்தாங்க கண்ணு. அவரை போயிருந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"எல்லாரும் அவங்கவங்களுதைக் குடுத்தாங்க. நீ குடுத்ததுல பாதி என்னுதும்மா. என்னைக் கேட்டியா?"

தங்காயியிடம் பதில்கள் இருந்தன. கேட்பதற்கு வழி இல்லை என்பது ஒன்று. முகத்தையே பார்த்துச் சொல்வதாக அவன் சொன்னான் என்பது ஒன்று. தான் ஊட்டி வளர்த்த பிள்ளை பொய் சொல்வான் என்று எந்தத் தாய் நினைப்பாள் என்பது ஒன்று. எல்லாமே உண்மை. வழியெல்லாம் அவற்றைச் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தாள். இப்போது ஒன்றையும் சொல்லவில்லை.

"அந்தப் பெரிய பாறை மேல ஏறி நின்னா உன் வாசல் தெரியுமான்னு ஏறினேன்" என்றாள் செவந்தி.

தங்காயி கொண்டுவந்திருந்த சாயங்காலங்கள் நிறைய மீதியிருந்தன. அவை இருவருக்கும் இடையில், நடுவில் ஆள் இல்லாமல், பள்ளம் இல்லாமல், தெளிந்து நின்றன. இருட்டியிருந்தால் இருவருமே அழுதிருக்கலாம். வெகுநேரம் இருட்டவில்லை. ஒருத்தி முகம் இன்னொருத்திக்கு நன்றாகத் தெரிந்துகொண்டே இருந்தது.